சும்மா இருக்கும் பிள்ளை நல்ல பிள்ளையா?

"இவன் மிகவும் நல்ல பிள்ளை, வைத்த இடத்தில் இருப்பான்" என்று தாய்மார் தம் மக்களைப் புகழ்வது பதுளைப் பட்டினத்திலும் உண்டு, பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை மலைகளிலுள்ள தோட்டங்களிலும் உண்டு. மூன்று வயதுப் பிள்ளை ஓடாமல், ஏறாமல், ஓயாது கேள்வி கேளாமல் ஒரு மூலையில் அமர்ந்திருப்பது குணத்தின் சிறப்பாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாறு கொள்வது தகுமா என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

வருவாய் குறைந்த குடும்பம் எதைச் செய்கிறது? அரிசி வாங்குவதை நிறுத்துவதில்லை. திருவிழாச் செலவைத்தான் முதலில் குறைக்கிறது. உடலும் அப்படியே. உண்ட ஆகாரத்திலிருந்து மூச்சுக்கும் இரத்த ஓட்டத்துக்கும் உடற்சூட்டுக்கும் வேண்டியதை அது முதலில் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதே விளையாட்டுக்கும் வளர்ச்சிக்கும். ஆகாரம் போதாதபோது பிள்ளை ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. நாளடைவில் உயரமும் தடைப்படுகிறது. இயல்பாகவே அமைதியான பிள்ளைகளும் உளர். எனினும் பிள்ளையின் அமைதியைக் கண்டு மகிழுமுன், அஃது குணமா, களைப்பா என்று பார்ப்பது பெற்றோர் கடமையன்றோ?

நம் மலைநாட்டில் இக்கேள்வி வீண் கேள்வியன்று. 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளுள் ஏறக்குறைய 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அத்தொகை ஏறக்குறைய 32 ஆகும். "எங்கள் வமிசமே குட்டை, பிள்ளை மட்டும் வளர்ந்துவிடுமா?" என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் பலர். உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து, 2006ஆம் ஆண்டில் வளர்ச்சி அளவைகளை வெளியிட்டது. நல்லாகாரமும் நற்பராமரிப்பும் பெற்ற குழந்தைகள் எந்த நாட்டவராயினும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே விதமாகவே வளர்கின்றனர் என்பது அதனால் தெளிவாயிற்று. ஆகவே பழியை வமிசத்தின்மேற் போட்டுவிட்டு நாம் தப்பிக்கொள்ள இயலாது.

ஆகாரத்தை முதலில் நோக்குவோம். காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், கூடவே சீனி கலந்த வெறுந்தேநீர் என்பது பல லயங்களில் உள்ள வழக்கம். ரொட்டி வயிற்றை நிரப்பும். வளர்ச்சிக்கு அது மட்டும் போதாது. தேநீரோ உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும் இயல்புடையது. உலகுக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுக்கும் கைகளின் பிள்ளைகளே அதனால் இரத்தம் குன்றுவது எத்துணைக் கொடுமை! பள்ளிப் பருவம் எய்தாத பிள்ளைக்குத் தேநீர் வேண்டவே வேண்டாம்.

குழந்தையின் வயிறு சிறியது. மூன்று வேளை உணவோடு இடையில் இரு முறை சிற்றுணவும் வேண்டும். இதற்கு டப்பாவில் வரும் விலையுயர்ந்த மா வகைகள் தேவையில்லை. வறுத்துப் பொடித்த நெத்தலி ஒரு கரண்டி, மசித்த பருப்பு, அவித்த பயறு அல்லது கௌப்பி, வாய்த்தபோது ஒரு முட்டை, லயத்துக்குப் பின்னால் நட்ட கீரை, மரத்தில் பழுத்த கொய்யா, சோற்றின்மேல் சிறிது தேங்காயெண்ணெய் ஆகியவை போதும். வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் விளையும் கரட்டும் போஞ்சியும் லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. அவற்றில் ஒரு கைப்பிடி நம் பிள்ளையின் தட்டுக்கும் வரட்டும்.

2022ஆம் ஆண்டின் விலையேற்றத்தில் நம் மக்கள் பட்ட பாட்டை நாம் அறியாதவரல்லோம். கூலி போதாத வீட்டில் உபதேசம் உலையேறாது. இருப்பினும், உள்ளதைப் பகிர்வதில் ஒரு முறை உண்டு. மெலிந்த பிள்ளைக்கென்று கிளினிக்கில் கொடுக்கும் சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷ மாவை வீடு முழுவதும் பங்கிட்டு உண்பது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது மருந்துக்கு ஒப்பானது; உரிய பிள்ளைக்கே முதலில் சேரவேண்டும்.

இனி விளையாட்டு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு மொத்தம் மூன்று மணி நேரமேனும் உடலை இயக்கவேண்டும், அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்குமளவு ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்துள்ளது. திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. உறக்கம் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் வேண்டும். பட்டினத்து வீடுகளில் சோறூட்டுவதற்கே கைத்தொலைபேசியைக் காட்டுகின்றனர். லயத்திலோ பத்தடிக் காம்பரா. வெளியே சரிவும் வடிகாலும். மார்கழி மழையில் அதுவும் இல்லை. தாய் கொழுந்து மலையில் நிற்க, பகற்பொழுது முழுவதும் பிள்ளை மடுவத்திலேயே கழிகிறது. ஆதலால் அங்குள்ள பராமரிப்பாளர் பாயை விரித்துப் படுக்க வைப்பதோடு அமையாமல், நொண்டி, ஒளித்துப் பிடித்தல், பந்தெறிதல் ஆகியவற்றை நாள்தோறும் நடத்துவாராக. மழை நாளில் கைதட்டி ஆடிப் பாடக் கூரையொன்றே போதும்.

விளையாட்டு என்ன கொடுக்கும் என்பதற்கு யமேக்கா நாட்டில் ஒரு சான்று உண்டு. 1986, 1987ஆம் ஆண்டுகளில் கிங்ஸ்டன் நகரின் ஏழை வீடுகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்கிரெகர் என்ற அம்மையாரின் குழுவினர் தெரிந்தெடுத்தனர். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகள் அவை. ஒரு சாராருக்குப் பாலுணவு அளிக்கப்பட்டது. ஒரு சாராரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் சென்று, வீட்டிலேயே செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு பிள்ளையோடு விளையாடத் தாய்க்குக் கற்பித்தார். வேறொரு சாராருக்கு இரண்டும் கிடைத்தன. இவை இரண்டு ஆண்டுகள் நடந்தன. சுமார் இருபது ஆண்டுகளின்பின் பார்த்தபோது, அவ்வாறு விளையாடி வளர்ந்தோர், விளையாட்டுப் பயிற்சி பெறாதோரைவிட ஏறக்குறைய நூற்றுக்கு 25 வீதம் கூடுதலாக ஊதியம் பெற்றனர். எளிய வீட்டின் தரையில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் விதைத்தது அத்துணை விளைந்தது!

இப்பணி தாய்க்கு மட்டும் உரியதென்று தந்தையர் ஒதுங்கலாகாது. மாலையில் அரை மணி நேரம் பிள்ளையோடு ஓடுவதற்குப் பணம் வேண்டியதில்லை. விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவ மாணவியர்க்கும் ஒரு வேண்டுகோள்: சிரட்டையாலும் வெற்றுப் போத்தலாலும் தம்பி தங்கையர்க்கு இரண்டு விளையாட்டுப் பொருள்கள் செய்து கொடுங்கள், லயத்து முற்றத்தில் கல் பொறுக்கிச் சிறிது இடம் சமப்படுத்துங்கள்.

மாதந்தோறும் தவறாது கிளினிக்குக்குக் கொண்டுசென்று பிள்ளையை நிறுக்க வேண்டும். ஏடு காட்டும் கோடு மேலே ஏறாது படுத்துவிட்டால் அடுத்த மாதம் பார்ப்போம் என்று இராமல், மருத்துவ மாதிடம் அன்றே காரணம் கேளுங்கள். உயரத்தில் இழந்ததை இரண்டு வயதின்பின் முற்றாக மீட்பது அரிது. ஆயினும் இரத்தமும் எடையும் அறிவும் சுறுசுறுப்பும் தேறுவதற்கு இன்னும் காலம் உண்டு. அக்காலம் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிக்குமுன் நம் கையில் இருக்கிறது.