ஊறுகாய்க்குத் திறந்த வாசல் சோப்புக்கும் வேண்டும்

கோரிக்கை மனு

அனுப்புநர்: வீட்டிலிருந்தே குளியல் சோப்பு தயாரித்து விற்கும் மகளிரின் சங்கம்.

பெறுநர்: இயக்குநர், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை; தொழிலாளர் ஆணையர்; மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம்.

பொருள்: வீட்டுச் சோப்பின் உரிமம், பொட்டலம், லேபிள் தொடர்பாக.



ஒரே சுய உதவிக் குழுவில் ஒருவர் ஊறுகாய் போடுகிறார், இன்னொருவர் சோப்பு செய்கிறார். ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு தயாரிப்பாளருக்கு, ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்தாலே போதும் என்று 2011-ஆம் ஆண்டு உணவு உரிம விதிகள் வழி செய்தன. சோப்புக்காரருக்கு அப்படியொரு சிறு வாசல் இல்லை. மாதம் நூறு சோப்பு செய்பவரும் லட்சம் சோப்பு செய்யும் ஆலையும் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின் கீழ் ஒரே காஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்து, ஒரே காஸ்-8 உரிமத்தைப் பெற வேண்டும். அதற்கென இடவசதி வேண்டும், தொழில்நுட்பம் படித்த ஆளும் வேண்டும்.

சோப்பு அழகுசாதனப் பொருள் ஆகாது என்றுதான் சட்டம் முன்பு சொல்லிவந்தது. 1982-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. அப்போது சமையலறை மேடையை யாரும் மனத்தில் வைத்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவிலோ, எண்ணெயும் காரமும் சேர்ந்த வெறும் சோப்பு, சோப்பு என்ற பெயரில் மட்டும் விற்கப்பட்டால், இன்றும் அழகுசாதனச் சட்டத்துக்குள் வராது.

விலக்கு வேண்டும் என்று இச்சங்கம் கேட்கவில்லை. காஸ்டிக் சோடாவின் அளவு தவறினால் தோல் எரியும் என்பது உறுப்பினர்களுக்குத் தெரியும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 183 கிராம். அதற்கு மேல் போனால் காரம் மிஞ்சும். கண்காணிப்பு இருக்கட்டும், ஆனால் அது கைக்கெட்டும் அளவில் இருக்கட்டும். பிறர் ஆலையில் தயாரித்துத் தன் பெயரில் விற்க லோன் லைசென்ஸ் என்ற ஏற்பாடு அழகுசாதன விதிகளிலேயே இருக்கிறது. மாவட்டத்துக்கு ஓர் உரிமம் பெற்ற பொதுத் தயாரிப்புக் கூடத்தை மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அமைத்துத் தந்தால், உறுப்பினர்கள் அங்கே முறைவைத்துச் சோப்பு செய்து, அந்த ஏற்பாட்டின் கீழ் விற்க முடியும். இதுவே முதன்மையான கோரிக்கை.

அடுத்தது லேபிள். நூறு கிராம் சோப்பைச் சுற்றிய காகிதப் பட்டையில் எழுத இருக்கும் இடம் தீப்பெட்டி அளவுதான். பெயர், சேர்மானங்கள், தயாரிப்பாளரின் முழு முகவரி, உரிம எண், தயாரித்த மாதம், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி ஆகியவற்றை அழகுசாதன விதிகள் கேட்கின்றன. நிகர எடை, எம்.ஆர்.பி., கிராமுக்கு என்ன விலை, புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்பவை, தொழிலாளர் துறை செயல்படுத்தும் 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருட்கள் விதிகள். இரண்டு துறை, இரண்டு சட்டம், ஒரே ஸ்டிக்கர். சோப்புக்கு பேட்ச் எண்ணுக்குப் பதில் தயாரித்த மாதமும் ஆண்டும் போதும் என்ற சலுகை தெரியாமல் இரண்டையும் அச்சிட்டு இடத்தை வீணாக்குபவர்களும் உண்டு. இரு துறைகளும் சேர்ந்து ஒரே மாதிரி லேபிளை வெளியிட வேண்டும்.

எடையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொதிக்கவைக்காமல் செய்யும் கோல்ட் பிராசஸ் சோப்பு மோல்டிலிருந்து எடுத்த பிறகு நான்கு முதல் ஆறு வாரம் காய வேண்டும். அதற்குள் நீர் வற்றி, பத்தில் ஒரு பங்கு வரை எடை குறைவது வழக்கம். வெட்டிய அன்று 110 கிராம் காட்டிய கட்டி, சந்தைக்கு வரும்போது நூறைத் தொட்டால் அதிர்ஷ்டம். பெரிய நிறுவனங்களின் உறைகளில் ‘பொட்டலமிடும்போது’ என்ற குறிப்போடு எடை அச்சிடப்படுகிறது. சோப்புக்கு அதை விதிகளே அனுமதிக்கின்றன. இதே குறிப்பு வீட்டுச் சோப்புக்கும் செல்லும் என்று கள ஆய்வாளர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

பொட்டலமும் லேசான வேலையல்ல. சோப் பேஸ் உருக்கி ஊற்றிய சோப்பு, கிளிசரின் காரணமாகக் கடலோர ஈரக்காற்றில் வியர்க்கும். ஆறியதும் இறுக்கி உறையிட வேண்டும். கோல்ட் பிராசஸ் சோப்போ காற்றாட இருக்க வேண்டும். அதை அவசரப்பட்டு பட்டர் பேப்பரில் சுற்றினால் எண்ணெய் கசிந்து, ஸ்டிக்கரில் உள்ள தேதி கலங்கிவிடும். தரமான அட்டைப் பெட்டிகளை மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மொத்தமாக அச்சிட்டு, தன் ‘மதி’ விற்பனை ஏற்பாட்டின் வழியே அடக்க விலைக்குத் தரலாம்.

உறுப்பினர்கள் அதிகம் தயங்குவது முகவரியில்தான். வீட்டுக் கதவு எண்ணையும் சொந்தக் கைபேசி எண்ணையும் அச்சிட்டு முன்பின் தெரியாத நூறு பேர் கையில் கொடுக்க எந்தப் பெண்ணுக்கும் மனம் ஒப்பாது. பொதுக் கூடத்தின் முகவரியும், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் தொலைபேசி எண்ணும் செல்லுபடியாக வேண்டும்.

கட்டாய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும், பிற மொழி கூடுதலாக இருக்கலாம் என்கின்றன பொட்டலப் பொருட்கள் விதிகள். செய்பவரும் வாங்குபவரும் தமிழ் மட்டுமே படிக்கும் ஊர்ச் சந்தையில் இதனால் யாருக்கு என்ன நன்மை? மாநிலத்துக்குள் விற்கும் சோப்புக்குத் தமிழ் லேபிள் மட்டுமே போதும் என்று விதியைத் திருத்த, மாநில அரசு ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

குப்பைமேனிச் சோப்பில் ‘சொரியாசிஸ் குணமாகும்’ என்று எழுதிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது மருந்தாகிவிடும். பயிற்சி வகுப்புகளில் எண்ணெய், லை (காஸ்டிக் சோடா கரைசல்), மோல்டு எல்லாம் கற்றுத்தருகிறார்கள். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று ஒரு நாள் ஒதுக்கினால் பல நோட்டீஸ்கள் தேவைப்படா.

இவை குறித்து மூன்று அலுவலகங்களும் சேர்ந்து அமரும் கூட்டத்துக்கு ஒரு தேதி தரும்படி சங்கம் கேட்டுக்கொள்கிறது. மாதிரி லேபிள்கள் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்