பழனியின் இடக்கை லயம்



தைப்பூசம் நெருங்கினால் திண்டுக்கல்–ஒட்டன்சத்திரம் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம்தான். காவடியும் மேளமுமாக அவர்கள் போய்ச் சேரும் பழனியில் 1908இல் பிறந்தவர் சுப்பிரமணிய பிள்ளை. இசை உலகம் அவரை ஊர்ப் பெயரிலேயே ‘பழனி’ என்றது. தந்தை முத்தையா பிள்ளை, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். அந்தப் பாணியின் கணக்கு வழக்கெல்லாம் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்தது.

ஆனால் பழனிக்கு இடக்கைப் பழக்கம்.

கச்சேரி மேடையில் பாடகருக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின். அப்படி உட்கார்ந்தால்தான் மிருதங்கத்தின் சுருதி சேர்த்த முகமான வலந்தலை சபையைப் பார்த்திருக்கும். இடக்கையால் வாசிப்பவர் அங்கே அமர்ந்தால் வலந்தலை பின்பக்கம் போய்விடும். அவரை மறுபக்கம் உட்காரவைத்தால் வயலின்காரர் இடம் மாற வேண்டும். வயலின் சபைக்கு மறைந்துவிடும். பலர் இதற்கு இசையவில்லை. மிருதங்க வாய்ப்பு வராத நாட்களில் பழனி கஞ்சிரா வாசித்தார். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவரைத் தம் கச்சேரிகளுக்கு அழைத்துப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். செம்பையின் குரலைப் போலவே மனசும் பெரிது.

பின்னாளில் பாலக்காடு மணி ஐயர், பழனி, முருகபூபதி என்று மிருதங்கக் கலைஞர்கள் மூவரையும் சேர்த்தே ரசிகர்கள் பேசினார்கள். பழைய பதிவுகளில் பழனியின் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் முகத்தில், எழும் கும்கி நாதத்தைக் கேளுங்கள். கணக்கில் அத்தனை வல்லமை இருந்தும் பாட்டை மீறி அது துருத்தாது. எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இந்த அடக்கம்தான்.

பழனியைப் போலவே, அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண்ணும் இடக்கைக்காரர். வலக்கைக்கென நரம்பு கட்டிய கிதாரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் கீழ்ச்சுரங்களையும் மீட்டினார். ப்ளூஸ், நாட்டுப்பாடல் கலைஞர்கள் அந்த மீட்டலை இன்றும் கற்கிறார்கள். தொண்ணூறு வயது கடந்த பிறகே அவருக்குக் கிராமி விருது கிடைத்தது.

பழனிக்கு அவ்வளவு ஆயுள் வாய்க்கவில்லை. 1962இல், 54 வயதில் மறைந்தார். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971இல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் அந்த மிருதங்க வழியைக் கனடா மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நம் மாவட்டத்துக் குடும்பங்களில் பழனியின் கச்சேரி நோட்டீஸ், புகைப்படம், ஒலிநாடா எதுவும் இருந்தால், அவர் வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் யாரேனும் இருந்தால், தயவுசெய்து எங்களுக்கு எழுதுங்கள். அவருக்காக ஒரு தனி இதழ் கொண்டுவர ஆசைப்படுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்