25,000 ரூபாய் தொட்டில்... குழந்தைக்கா, போட்டோவுக்கா? அருமனையிலிருந்து ஒரு கணக்கு

2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜி.எஸ்.டி குறைந்தபோது, ஃபீடிங் பாட்டிலும் குழந்தைகளுக்கான நாப்கினும் 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதத்துக்கு வந்தன. மர ஃபர்னிச்சர் மட்டும் அதே 18 சதவிகிதத்தில் நின்றுவிட்டது. 25,000 ரூபாய்க்கு ஒரு மரத் தொட்டில் வாங்கினால், அதில் சுமார் 3,800 ரூபாய் வரி மட்டுமே. முழுக்க மூங்கில், பிரம்பில் செய்தது என்றால் வரி 5 சதவிகிதம்தான்.

கன்னியாகுமரி மாவட்டம் அருமனை பக்கம் முதல் பிரசவம் என்றால் பெரும்பாலும் பெண் வீட்டுச் செலவு. ஆஸ்பத்திரி பில், இருபத்தெட்டு கெட்டுக்கு அரைஞாண், மோதிரம்... இந்த வரிசையில் இப்போது க்ரிப், சேஞ்சிங் டேபிள், குட்டி அலமாரி என்று ஒரு 'செட்'டும் சேர்ந்துவிட்டது. ''நாமெல்லாம் பாயிலதானே கெடந்தோம்'' என்று பாட்டி சொன்னால், வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை. பாட்டி சொல்வது சரியா, கேட்லாக் சொல்வது சரியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

குழந்தை பிடித்து ஏற ஆரம்பித்துவிட்டால், இல்லை 35 அங்குல உயரம் வந்துவிட்டால், க்ரிப்பை விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் இது நடந்துவிடும். ஒன்றரை வருஷம் என்றால் சுமார் 540 ராத்திரி. 25,000 ரூபாயை வகுத்தால் ராத்திரிக்கு 46 ரூபாய். பரவாயில்லைதான். ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேற. பகலில் சேலைத் தொட்டில், ராத்திரி அம்மா பக்கத்தில். க்ரிப்பில் 100 ராத்திரிதான் தூங்கியது என்றால், ராத்திரிக்கு 250 ரூபாய். அதற்குப் பிறகு அது துணி மடிக்கிற இடம்!

'அடுத்த பிள்ளைக்கு ஆகுமே' என்ற பழைய சமாதானமும் இப்போது பலவீனம். 2023-ம் ஆண்டின் எஸ்.ஆர்.எஸ் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் 1.3. பல வீடுகளில் இரண்டாவது குழந்தையே இல்லை.

கொல்லைப்புற மரம், ஷோரூம் விலை

கேட்லாக்கில் 'சாலிட் ரப்பர் வுட்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்களே, அது அருமனையைச் சுற்றி நிற்கிற அதே ரப்பர் மரம்தான். 25, 30 வருஷம் பால் வெட்டிய பிறகு முறித்து விற்கிற தடி. அதைத் தொட்டிலாக மாற்றுவது பதப்படுத்தும் வேலை. அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். போரான் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்த வேண்டும். அந்த வேலைக்கும் நல்ல பூட்டுக்கும் காசு கொடுப்பது நியாயம். பெயருக்கும் பேக்கிங்குக்கும் கொடுப்பது உங்கள் இஷ்டம்.

விலை குறைவாக இருக்கும் பல மாடல்கள் எம்.டி.எஃப் பலகை. ஆடியிலும் ஐப்பசியிலும் மழை பார்க்கிற ஊரில், ஈரம் பட்டால் அது ஊதிவிடும். ஊர் ஆசாரியிடம் அயினியிலோ பலாவிலோ செய்யச் சொல்வதும் ஒரு வழி. ஆனால் அளவை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

விலை கூடினால் பாதுகாப்பு கூடுமா?

இதுதான் முக்கியமான கேள்வி. அமெரிக்காவில் பக்கக் கதவு இறங்கும் க்ரிப்பில் குழந்தைகள் சிக்கி இறந்ததால், 2011 ஜூனில் அவற்றைத் தடை செய்தார்கள். அதிலிருந்து அங்கே விற்கிற எல்லா க்ரிப்பும், விலை எதுவானாலும், ஒரே சோதனையைத் தாண்ட வேண்டும். அதாவது, பாதுகாப்பு அளவில் இருக்கிறது, விலைச்சீட்டில் இல்லை.

இன்னொன்று. குழந்தைக்குத் தனி அறை என்பதே முதல் ஆறு மாதத்துக்குத் தேவையில்லை. பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வைக்கத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-ல் பரிந்துரைத்தது. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், மெத்தை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும், தலையணையும் பொம்மையும் கூடாது. சுற்றிக் கட்டும் பஞ்சு பம்பரை அந்த நாடு அதே ஆண்டு சட்டம் போட்டே தடுத்தது. நம் 'செட்'டில் விலையைக் கூட்டுவது பல நேரம் இதே பம்பரும் கடுகுத் தலையணையும்தான்!

சேலைத் தொட்டில் மட்டும் முழுப் பாதுகாப்பா? இல்லை. சற்று வளர்ந்த பிள்ளைகள் அதில் விளையாடும்போது கழுத்து இறுகிய செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. வேலை முடிந்ததும் அவிழ்த்து வைத்துவிடுங்கள்.

வாங்கும் முன் இதைப் பாருங்கள்

* கம்பிகளுக்கு இடையில் 6 செ.மீ-க்கு மேல் கூடாது. குளிர்பான டின் நுழைந்தால் வேண்டாம்.

* மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி கூடாது.

* பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆசாரியிடம் செய்தாலும் டப்பாவைப் பார்த்து வாங்குங்கள்.

* அலமாரியைச் சுவரோடு திருகி நிறுத்துங்கள். குழந்தைகள்மேல் சாய்ந்து உயிரிழப்பு நேர்ந்ததால், ஐகியா நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெற்றது.

* சேஞ்சிங் டேபிளைத் தாராளமாகத் தவிர்க்கலாம். தரையில் விரித்த ரப்பர் ஷீட்டிலிருந்து எந்தக் குழந்தையும் விழாது.

அப்போ வாங்கலாமா?

கையில் காசு இருந்து, ராத்திரி அதில்தான் படுக்க வைப்போம் என்ற உறுதியும் இருந்தால், அளவு சரியான ஒரு தொட்டில் நல்ல செலவு. 'செட்' தேவையில்லை. நகையை அடகு வைத்தோ, இ.எம்.ஐ போட்டோ வாங்குவது என்றால், வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஏழைத் தாய்க்கு அரசு தருவது, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட மொத்தமே 18,000 ரூபாய். ஒரு தொட்டிலின் விலை அதைத் தாண்டுகிறது என்றால், அந்தப் பணத்தில் தாயின் சாப்பாடும், ராத்திரி காய்ச்சல் வந்தால் மார்த்தாண்டத்துக்கு ஓடுகிற செலவும் முதலில் வரட்டும். தொட்டில் அதற்கு அடுத்து.