பிரண்டையும் திராட்சையும் பங்காளிகள்தான், ஆனா...

போன வாரம் சென்னையில இருந்து அக்கா மகன் வந்திருந்தான். பந்தலுக்கு மருந்து அடிக்கிறதைப் பார்த்துட்டு, "மாமா, வேலியில பிரண்டை மருந்தே இல்லாம செழிப்பா இருக்கே, திராட்சைக்கு மட்டும் ஏன் இவ்வளவு?"ன்னு கேட்டான். நகரத்து நண்பர்கள் பலர் என்கிட்ட கேக்குற கேள்விதான் இது.

ரெண்டும் ஒரே குடும்பம்னு சொன்னேன், அவன் நம்பல. ரெண்டு கொடியையும் கொண்டு வந்து காட்டினேன். இலை ஒரு பக்கம் இருந்தா, பற்றிப் பிடிக்கிற சுருள் அதே கணுவுல நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். ரெண்டுலயும் அப்படித்தான். அதுதான் பங்காளி அடையாளம்.

அதுக்கப்புறம் கத்தியால குறுக்கே வெட்டினேன். பிரண்டைத் தண்டு நாலு பட்டை, உள்ளே பச்சைச் சதை, ஈரம். முத்தின திராட்சைக் கொடி உருண்டை, உள்ளே கட்டை. லென்ஸ் வச்சுப் பார்த்தா கட்டை முழுக்க பொடிப் பொடியா ஓட்டை. அத்தனையும் தண்ணி ஏறுற குழாய். பந்தல் முழுக்க விரிஞ்சிருக்கிற இலைக்கும் குலைக்கும் தண்ணி கொண்டு போக அவ்வளவு அகலக் குழாய் வேணும்.

பிரண்டை வேற வழியில போச்சு. அதோட இலை சின்னது, சீக்கிரம் உதிர்ந்துடும். இலை செய்யிற சமையலைப் பச்சைத் தண்டே செய்யுது. பகல்ல தண்டுத் துளைகளை மூடிக்கிட்டு, ராத்திரி குளிர்ச்சியில திறந்து காத்தை இழுத்துக்கும். அதனால ஈரம் வீணாகாது. மாடு கடிக்காம இருக்க ஊசி மாதிரி சுண்ணாம்புப் படிகங்களும் வச்சிருக்கு. துவையலுக்கு நறுக்கும்போது கை அரிக்கிறதுக்கும், புளி சேர்க்கிறதுக்கும் அதுதான் காரணம்.

திராட்சையோட பலம் அகல இலை. பலவீனமும் அதேதான். அதோட சுவாசத் துளைகள் ஏறக்குறைய எல்லாமே இலையோட அடிப்பக்கம் இருக்கு. அடிச்சாம்பல் நோய் அந்த வழியாத்தான் உள்ளே போகுது. இலையில ஈரம் நின்னா நோய் வித்துக்கள் அந்தத் தண்ணியில நீந்தித் துளைக்குப் போய்ச் சேரும்.

இது தெரியாம நான் பட்டது நிறைய. முதல் வருஷம், ஐப்பசி மழை. இலை மேல மஞ்சள் திட்டு விழுந்தது. மருந்து அடிச்சேன், கேக்கல. கடையில வேற மருந்து குடுத்தாங்க, அதுவும் கேக்கல. பாதிக் குலை கருகின பிறகு, கவாத்துக்கு வந்த பெரியவர் ஒருத்தர் மேலடுக்கு இலை ஒண்ணைப் பறிச்சுத் திருப்பிக் காட்டினார். அடியில வெள்ளைப் பஞ்சு. "தம்பி, கொடியை இப்படி அடைச்சு விட்டா, கீழ நின்னு அடிக்கிற மருந்து கீழ்த்தட்டு இலையோட நின்னுடும். மேல இருக்கிற இலையோட அடிப்பக்கம் நனையவே இல்ல பாருங்க"ன்னார்.

அடுத்த பருவம் தேவையில்லாத தளிர்களைக் கிள்ளிக் காத்து போக விட்டேன். மழைக்கு முன்னாடியே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை இலையோட அடி நனைய அடிச்சேன். 1885ல பிரான்ஸ்ல மில்லார்டே இதே நோய்க்குச் சொன்ன மருந்துதான் அது. அந்த வருஷம் மருந்து தடவையும் குறைஞ்சது, குலையும் தப்பிச்சது.

என் அபிப்பிராயம் இதுதான். எங்களுக்கு நடக்கிற பயிற்சிகள்ல மருந்துப் பேரும் அளவும் சொல்றாங்க. இலையைத் திருப்பி, தண்டை வெட்டிப் பார்க்கச் சொல்லித் தர்றதில்ல. ஒரு பிளேடும் ஒரு கை லென்ஸும் போதும். செடியோட உடம்பு தெரிஞ்சா, எப்ப அடிக்கணும், எங்க அடிக்கணும், எப்ப அடிக்கவே வேண்டாம்னு விவசாயியே முடிவு பண்ணுவான். இப்ப அந்த முடிவைக் கடைக்காரர் எடுக்கிறார்.

நகரத்து நண்பர்களுக்கும் ஒண்ணு. எங்க கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சதுன்னு சந்தோஷப்பட்டீங்க. அந்தத் திராட்சையைப் பிரண்டை மாதிரி வேலியில விட்டா தானா காய்க்கும்னு மட்டும் சொல்லாதீங்க. பிரண்டைகிட்ட நாம நாலு கணு தண்டுதான் கேக்குறோம். திராட்சைகிட்ட டன் கணக்குல பழம் கேக்குறோம்.

அக்கா மகன் ஊருக்குப் போகும்போது ஒரு கட்டு பிரண்டை எடுத்துக்கிட்டான், தொட்டியில நட. திராட்சைக் குச்சியும் கேட்டான். முதல்ல இலையைத் திருப்பிப் பார்க்கப் பழகுடான்னு சொல்லித்தான் குடுத்தேன்.