ஊருக்குப் போய் ஓட்டலில் சாப்பிடலாமா?

சொந்த ஊருக்குப் போயிருந்தபோது ஓட்டலில் சாப்பிட்டோம் என்று சொன்னால் நம் வயதுக்காரர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். "வீடு வாசல் இருக்கும்போது ஓட்டல் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். சமைக்கிற பெண்கள் ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை.

எங்கள் ஊர் திருநெல்வேலி டவுன். நெல்லையப்பர் கோயில் ரத வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பூர்வீக வீடு. இப்போது அதில் அண்ணனும் மதினியும் மட்டும் இருக்கிறார்கள். அண்ணனுக்கு வயது 78, மதினிக்கு 72. ஆனித் தேரோட்டத்துக்கு எல்லோரும் அங்கே கூடிவிடுவோம். சென்னையிலிருந்து நாங்கள், கோவையிலிருந்து தங்கை குடும்பம், பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று 14 பேர் ஆகிவிடும். முன்பெல்லாம் நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தவர்கள் வருவார்கள். 2023 செப்டம்பரில் வந்தே பாரத் விட்ட பிறகு எட்டு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடலாம். வருவது சுலபமானதால் வருகிற தலைகள் கூடிவிட்டன. அடுப்படியில் நிற்பவர் மட்டும் அதே மதினிதான்.

ஒரு காலைப் பலகாரத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாலு இட்லி என்றால் 56. வீட்டு இட்லிக் கொப்பரையில் ஒரு ஈட்டுக்கு 16. ஆக நான்கு ஈடு ஊற்றி எடுக்க வேண்டும். கூடவே சட்னி, சாம்பார், பெரியவர்களுக்குக் காபி, சின்னவர்களுக்குப் பால். கடைசி ஆள் கை கழுவும்போது மணி பத்து. உடனே மத்தியானச் சமையலுக்குக் காய் நறுக்க உட்கார வேண்டும். மற்ற பெண்கள் உதவிக்குப் போவார்கள், உண்மை. ஆனால் எந்தச் சாமான் எந்த டப்பாவில் இருக்கிறது என்பது மதினிக்குத்தானே தெரியும்?

இந்த வருஷம் தேருக்கு முந்தின நாள் ராத்திரி, மறுநாள் மத்தியானம் வெளியில் சாப்பிடலாம் என்றேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"ஏன்டே, தேரும் நாளுமா வீட்டுல உலை வைக்காம இருந்தா நல்லாவா இருக்கு?" என்றார்.

"மதினி தேர் பாத்து எத்தன வருசம் ஆச்சுண்ணே?" என்றேன்.

அவருக்குத் தெரியவில்லை. மதினிதான் பதில் சொன்னார்கள். "அத்தை இருந்தவரைக்கும் ரெண்டு பேருமா மாத்தி மாத்திப் போய்ப் பாப்போம். அதுக்கப்புறம் எங்க போக? பதினோரு வருசம் இருக்கும்."

வெளியூரிலிருந்து நாங்கள் பார்க்க வரும் தேரை, இரண்டு தெரு தள்ளி இருப்பவர் பதினோரு வருஷமாகப் பார்க்கவில்லை. அண்ணன் அதற்கு மேல் பேசவில்லை.

மறுநாள் காலை மதினி எங்களோடு வந்தார்கள். பிள்ளையார், முருகன், சுவாமி, அம்மன், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர். சுவாமி தேர் அசைந்தபோது கூட்டத்துக்குள் புகுந்து வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு ஆர்ச் வரை மெல்ல நடந்து, அங்கே ஆட்டோ பிடித்து ஜங்ஷன் பக்கம் ஒரு சைவ ஓட்டலுக்குப் போனோம். இலைச் சாப்பாடு 150 ரூபாய். 14 பேருக்கு 2,100, ஐந்து சதவீத ஜிஎஸ்டி 105, ஆக 2,205 ரூபாய். அவியல் சுமார்தான். ரசம் நன்றாக இருந்தது. சாம்பார் இனிக்கிறது என்று அண்ணன் இரண்டு தடவை சொன்னார். சர்வர் மதினி இலையில் இரண்டாவது தடவை சாதம் வைக்க வந்தபோது, மதினி பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தார்கள். பேத்தி கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஓட்டல் சாப்பாடு ஆகாது என்கிற நம் வீட்டுப் பழக்கம் உடம்பை உத்தேசித்து வந்ததல்ல. யார் சமைத்தார்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கவலையில் வந்தது. 'பிராமணாள்' என்று போர்டு போட்ட கிளப்புகள் இருந்த காலம் அது. அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் மறியல் நடத்தினார். எங்கள் அப்பா ரயிலில் போனால் கட்டுச்சோறுதான். பெண்கள் ஓட்டலுக்கு வந்தால் திரை போட்ட 'ஃபேமிலி ரூம்' என்று ஒரு பொந்துக்குள் போய் உட்கார வேண்டும். அந்தத் திரையெல்லாம் போய்விட்டது. நம் மனசில்தான் இன்னும் தொங்குகிறது.

இதற்காக மூன்று வேளையும் ஓட்டலுக்குப் போகச் சொல்லவில்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அந்த உப்பும் எண்ணெயும் தினமும் ஆகாது. கோபி மஞ்சூரியனும் நூடுல்ஸும் போடுகிற ஏசி ரெஸ்டாரெண்டுக்குப் பிள்ளைகள் இழுத்தால் நான் போவதில்லை. அங்கே போடுகிற பாட்டுச் சத்தத்தில் தங்கை பேசுவது எனக்குக் கேட்காது, பேசத்தானே கூடுகிறோம்? பெரியவர்களோடு போகிறவர்கள் மாடிப்படி ஏறாத இடமாகப் பாருங்கள். பன்னிரண்டரைக்கு முன்னால் போய்விடுங்கள். அதற்கு மேல், நாம் சாப்பிடும்போதே நாற்காலிக்குப் பின்னால் ஆள் வந்து நின்றுவிடுவார்.

ஸ்விக்கி, சொமாட்டோவில் வீட்டுக்கே வரவழைக்கலாமே என்று மருமகன் யோசனை சொன்னார். வந்த பொட்டலத்தைப் பிரிப்பது, பரிமாறுவது, எச்சில் எடுப்பது எல்லாம் மறுபடியும் அதே கைகள்தான் செய்ய வேண்டும். ஆகவே வேண்டாம் என்றேன்.

அடுத்த ஆனிக்கும் தேர் அன்று ஓட்டல்தான் என்று அண்ணனே சொல்லிவிட்டார். ஒரு நிபந்தனை: மறுநாள் வீட்டில் சொதி வேண்டுமாம். சொதி என்றால் 14 பேருக்கு ஆறு தேங்காயாவது வேண்டும். துருவி, அரைத்து, மூன்று பால் பிழிய வேண்டும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். "தேங்காய் யாரு திருவுறது?" என்று கேட்டேன். மதினி சிரித்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தார்கள். பேச்சுவார்த்தை முடிந்து, துருவவும் பிழியவும் பேரன்கள் இரண்டு பேர் என்று முடிவாகியிருக்கிறது. துவையலுக்கு இஞ்சித் தோல் சீவுவது அண்ணன் பொறுப்பு.