ஊர்ப்பெயரும் உலகப்படமும்

கல்லூரி அன்னையின் விழாவிற்குப் பழைய மாணவர் பலர் கடல் கடந்து வந்து கூடுகின்றனர். வாழ்த்தைக் கடிதத்தில் அனுப்பலாம். நன்கொடையை வங்கி வழியே அனுப்பலாம். நேரில் வருவானேன் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆயின், என்னிடம் முன்னர்த் தமிழ் கற்ற இளைஞரொருவர் அண்மையில் அத்தகைய வினாவொன்றோடு என் இல்லத்துக்கு வந்தார்.

"ஐயா, உலகப்படம் வரையுந் தொண்டர்களின் மாநாட்டிலே பேச எனக்கு இடந் தந்திருக்கிறார்கள். விமானச் சீட்டுக்கு மூன்று மாதச் சம்பளம் போய்விடும். பேச்சுகளைப் பின்னர் வீட்டிலிருந்தே கேட்கலாமென்று அம்மா தடுக்கிறா. போகலாமா?" என்றார்.

யான் புவியியல் கற்றவனல்லேன், பயிற்றப்பட்ட தமிழாசிரியன். எனினும் அவ்வினா என்னைச் சில நாள் உறங்கவிடவில்லை. யான் கண்ட விடையையே இம்மலரில் எழுதுகின்றேன்.

அத்தொண்டர்களின் படம் ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்பது. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் அதனைத் தொடங்கினார். அந்நாளில் அந்நாட்டு அரசாங்க நில அளவைத் தரவுகளைப் பொதுமக்கள் கட்டுப்பாடின்றி எடுத்தாள இயலாதிருந்தது. ஆகவே, தத்தம் தெருவைத் தாமே அளந்து, யாவர்க்கும் உரியதாய் ஒரு படம் ஆக்குவோமென்று புறப்பட்டனர். எவரும் அதில் வரையலாம், பிழை கண்டால் திருத்தலாம், எடுத்தும் ஆளலாம். எடுத்தாள்வோர் மூலத்தைக் கூறவேண்டும். அத்தரவைப் பெருக்கி வெளியிடின், அதனையும் அவ்வாறே பொதுவில் வைக்கவேண்டும். இஃது ஊர்கூடித் தோண்டிய கிணற்றை ஒக்கும்.

இவர்களின் உலக மாநாடு 2007இல் மன்செஸ்டர் நகரில் முதன்முதற் கூடியது. அதன்பின் நேரிற் கூடியவை பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களிலேயே நிகழ்ந்தன. 2020இல் கேப் டவுனிற் கூடவிருந்தது, கொரோனா நோயினால் இணையவழியாயிற்று, 2021இலும் அவ்வாறே. ஆபிரிக்க மண்ணில் அவர்கள் முதன்முறை கூடியது 2024இல், நைரோபியில்.

அன்னையார் கூற்றிலும் நியாயம் உண்டு. நேரிற் கூடாத ஆண்டுகளிலும் படம் வளர்ந்தது. 2010 ஜனவரி 12ஆந் திகதி ஹெயிட்டி நாட்டிலே பெரும் பூகம்பம் நிகழ்ந்தபோது, பல நாட்டுத் தொண்டர்கள் தத்தம் வீட்டிலிருந்தே செய்மதிப் படங்களைப் பார்த்து, தலைநகரின் தெருக்களைச் சில நாள்களில் வரைந்து கொடுத்தனர். மீட்புப் பணியாளர் அதனைக் கைக்கருவிகளில் ஏற்றி வழி கண்டனர். இத்துணையும் இருந்தவிடத்திலிருந்தே ஆகுமெனின், பயணம் வீண்செலவன்றோ?

அன்று என்பதே என் துணிபு. செய்மதிக்குக் கூரை தெரியும். கூரையின்கீழ் இருப்பது பள்ளிக்கூடமோ பண்டகசாலையோ என்பது தெரியாது. பெயரோ ஒருபோதுந் தெரியாது. நைரோபியிலே கிபேரா என்னும் பெருஞ்சேரி, மக்கள் நெருங்கி வாழும் இடமாயிருந்தும், படங்களில் வெற்றிடமாகவே கிடந்தது. 2009இல் அச்சேரியின் இளைஞர்களே கருவியைக் கையிலேந்தி நடந்து, தண்ணீர் எடுக்கும் இடம், மலசலகூடம், மருந்தகம், பள்ளி ஆகியவற்றைக் குறித்த பின்னரே அது படத்தில் ஊராயிற்று. தூரத்தார் கையும் ஊரார் காலும் சேர்ந்தாலன்றிப் படம் நிறைவுறாது.

இன்னுமொன்று உண்டு. அப்படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் இடும் குறிச்சொற்கள் பிரித்தானிய ஆங்கிலத்தில் அமைந்தவை. நம் யாழ்ப்பாணத்து ஒழுங்கை அவற்றுள் எது? இருமருங்கும் வேலி நிற்க, ஓரிடத்தில் வண்டி போகும். ஓரிடத்தில் சைக்கிள் மட்டுமே போகும். கேணியும் துரவும் ஒரே நீர்நிலையா? இவ்வழக்குகள் மாநாட்டில் வாக்கெடுத்துத் தீர்க்கப்படுவனவல்ல. ஆயினும், ஒரு மேசையிலிருந்து உண்டவனின் சொல்லுக்கு, முகமறியாதான் சொல்லினும் மதிப்பு மிகுதி. அங்கே நம்மவர் இல்லையெனின், நம் ஒழுங்கைக்குப் பிறரே பெயரிடுவர். அவர்மீது குறைகூற நமக்கு உரிமையில்லை.

இதனை எழுதும்போது என் தவறொன்று நெஞ்சை உறுத்துகின்றது. சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பு மாணவனொருவன் கட்டுரையிலே சுழிபுரத்தைச் 'சுலிபுரம்' என்றும், அளவெட்டியை 'அலவெட்டி' என்றும் எழுதியிருந்தான். வகுப்பார் கேட்க எள்ளி நகைத்தேன். பின்னர் விசாரித்தபோது, தொலைபேசிப் படத்தில் ஆங்கில எழுத்திற் கண்டவாறே எழுதினேன் என்றான். லகர ளகர ழகரங்களுக்கு ஆங்கிலத்தில் ஓரெழுத்தே உள்ளது. அப்பிள்ளையின் பிழையாது? அறிந்தும் எழுதாதிருந்த எம்போன்றோர் பிழையன்றோ அது? பருத்தித்துறையை 'பொயின்ற் பெட்ரோ' எனவும், ஊர்காவற்றுறையைக் 'கைற்ஸ்' எனவும் மட்டும் காணும் குழந்தை, துறையென்ற சொல்லையே இழக்கின்றது. ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பிலோ ஓரிடத்துக்குப் பல மொழிப் பெயர்களைத் தனித்தனியே எழுதலாம். எழுதுதற்குக் கையே வேண்டும்.

ஆகவே அவ்விளைஞருக்கு யான் கூறிய விடை இது: "தம்பி, போ. ஆனால் வெறுங்கையோடு போகாதே. முதலில் உன் ஊரின் ஒவ்வோர் ஒழுங்கையும் நடந்து பார். முதியோரிடம் பெயர்களைக் கேட்டுப் பிழையற எழுது. வரையும்போது எங்கே தடைப்பட்டாயோ அதனையே அங்கு பேசு. அன்றேல் அது சுற்றுலாவாகும். மூன்று மாதச் சம்பளமும் அம்மாவின் மனவருத்தமும் அதற்குத் தகா."

பழைய மாணவ அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். அம்மாநாட்டார் சிலருக்குப் பயண உதவி வழங்கியதுண்டு; அஃது எல்லார்க்கும் எட்டுவதன்று. இவ்விழாவின் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, தன் ஊரைப் பிழையின்றி வரைந்து முடித்த மாணவனொருவனைக் கடல் கடந்து அனுப்புவீர்களாக. ஆசிரியராகிய யாமும் ஒரு தவணைக்கு ஒரு மாலையேனும் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று, ஊர்ப்பெயர்களைக் கேட்டெழுதச் செய்வோம். அன்று யான் நகைத்த மாணவன் இப்பொழுது உயர்தர வகுப்பிற் பயில்கின்றான். முதல் மாலை அவனோடு சுழிபுரத்துக்கே செல்ல எண்ணியுள்ளேன்.