முதலில் நிற்கக் கற்போம்!

வேகம் என்ற சொல்லைக் கேட்டதும் இளைஞர் உள்ளம் துள்ளுவது இயல்பு. அந்த ஆசையைக் குற்றமாகக் கருதுபவன் அல்லன் நான். ஆனால் வேகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம்மில் எத்தனை பேர், ஓடுகிற வண்டி எப்படி நிற்கிறது என்று ஒரு நிமிடமாவது எண்ணியிருக்கிறோம்? சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயப் பாதைக்கு ஏற்றபடி எவ்வாறு சித்தம் செய்வது என்பது பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். அதைச் சொல்ல இந்தக் கேள்வியே போதுமான வாயிலாகும்.

'டிராக் டே' என்றொரு வழக்கம் பல நாடுகளில் உண்டு. பந்தயப் பாதை ஒன்றை அன்றைய தினத்திற்குப் பொதுமக்களுக்குத் திறந்து விடுவார்கள். கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, சொந்தக் காரையே அங்கே ஓட்டலாம். பரிசு கிடையாது, மாலை மரியாதை கிடையாது. தன் வண்டியின் எல்லையையும் தன் திறமையின் எல்லையையும் ஒருவன் அறிந்துகொள்வதே அதன் பயன். நம் மாநிலத்திற்கும் இது புதிதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான பந்தயப் பாதை எழுந்தது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில், பந்தய வீரரும் பந்தயக் கார்களை வடிவமைத்தவருமான கரிவரதன் பெயரால் ஒரு பாதை அமைந்தது.

இப்படிப்பட்ட பாதைக்குக் காரைக் கொண்டுபோக நினைப்பவர் முதலில் எதற்குச் செலவிடுகிறார்? பெரும்பாலோர் எஞ்சினுக்கே செலவிடுகிறார்கள். கூடுதல் குதிரைத்திறன், உறுமும் சைலன்சர், மின்னணுப் பெட்டியில் மாற்றம் என்று பட்டியல் நீளும். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் வாதம். முதலில் பிரேக், அடுத்து டயர், அதற்கடுத்துச் சக்கரங்களின் அமைப்பும் சஸ்பென்ஷனும், இவை எல்லாவற்றுக்கும் இணையாக ஓட்டுநரின் பயிற்சி. எஞ்சின் கடைசியில் வரட்டும். வராமலே போனாலும் குறைவில்லை.

என் வாதத்திற்குச் சான்றாக ஒரு காரையே முன்வைக்கிறேன். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989இல் எம்.எக்ஸ்.-5 என்ற இரண்டு இருக்கைக் காரை வெளியிட்டது. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். அதன் 1.6 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 115 குதிரைத்திறனே தந்தது. இன்றைய குடும்பக் கார்கள் பலவற்றுக்கு அதைவிட அதிக வலு உண்டு. ஆயினும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் டிராக் டேக்கு வருவோர் பெரிதும் விரும்பும் கார்களில் ஒன்றாக அது நிலைத்துவிட்டது. காரணம் என்ன? ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்ட பாரம். நான்கு சக்கரங்களையும் தனித்தனியே திருத்தி அமைக்கக்கூடிய சஸ்பென்ஷன். குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும் ஓருயிராக இருக்கும் நிலையே தங்கள் குறிக்கோள் என்று அதை உருவாக்கியவர்கள் அறிவித்தார்கள். வலுவைத் தேடாமல் இசைவைத் தேடினார்கள், வென்றார்கள்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கைக் காட்டுகிறேன். ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார், நேர்பாதையின் முடிவில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். வளைவுக்காக அதை 80 கிலோமீட்டருக்குக் குறைக்க வேண்டும். வேகம் பாதியானால் இயக்க ஆற்றல் கால் பங்காகிறது. எஞ்சிய முக்கால் பங்கு, அதாவது ஏறக்குறைய 740 கிலோ ஜூல், எங்கே போகும்? காற்றுத் தடை கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. இரண்டரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. சில வினாடிகளில் நிகழும் இச்செயல் ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை திரும்பத் திரும்ப நிகழ்கிறது. நகரச் சாலையில் பிரேக்குக்கு ஆற அமர நேரம் உண்டு. பந்தயப் பாதையில் அது இல்லை.

அந்த வெப்பம் பிரேக் ஆயிலைத் தாக்கும்போதுதான் உண்மையான ஆபத்து பிறக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்ற தரத்தைச் சேர்ந்த புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அதே தரத்திற்கு விதி கேட்பது 155 டிகிரிதான். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும். ஆவியோ அமுங்கிக் கொடுக்கும். ஓட்டுநர் மிதிக்கும் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது! எஞ்சினுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு துளி போதும், பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதியதை நிரப்ப. அந்தத் துளியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மோட்டார் பட்டறையில் எடுபிடி வேலை செய்தேன். ஒரு நாள் இளைஞர் ஒருவர் வந்து, சைலன்சரை மாற்றி வண்டிக்கு வேகம் கூட்டித் தரும்படி கேட்டார். பட்டறைக்கார அண்ணன் பதில் பேசாமல் முன் சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்து தகடாகிவிட்ட பிரேக் பேடை எடுத்து அவர் கையில் வைத்தார். "தம்பி, ஓடுறதுக்கு அப்புறம் காசு குடு. முதல்ல நிக்கிறதுக்குக் குடு" என்றார். வகுப்பறையில் நான் படித்த பாடம் முழுவதும் அந்த இரண்டு வரியில் அடங்கியிருந்தது.

பிரேக்குக்கு அடுத்தது டயர். எத்தனை விலை உயர்ந்த காராயினும் அது தரையைத் தொடுவது உள்ளங்கை அகலமுள்ள நான்கே இடங்களில்தான். பாதையில் சில சுற்றுகள் ஓடியதும் டயர் சூடேறி உள்ளே காற்றழுத்தம் கூடுகிறது. ஆகவே காலையில் ஒருமுறை காற்றுப் பிடித்தால் போதாது. ஓடி வந்த சூட்டோடு அளந்து திருத்த வேண்டும். வளைவில் கார் வெளிப்புறம் சாயும்போது டயரின் ஓரம் மட்டுமே தரையில் உரசும். அதை ஈடுசெய்யச் சக்கரத்தின் மேற்பகுதியைச் சற்று உட்புறம் சாய்த்து வைப்பார்கள். இதைக் கேம்பர் என்பர். வேண்டாத பாரத்தை இறக்கிவைப்பது செலவே இல்லாத திருத்தம். டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, ஸ்டெப்னி, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் வெளியே போகட்டும். பெடலுக்கு அடியில் உருண்டுவந்த ஒரு பாட்டில் போதும், உயிரைப் பறிக்க.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பாதைக்கு நல்லது எல்லாம் சாலைக்கு நல்லது ஆகிவிடாது. பந்தயத்திற்கென்று செய்த பிரேக் பேட் சூடேறிய பிறகே நன்றாகப் பிடிக்கும். காலையில் தெருமுனையில் குழந்தை குறுக்கே ஓடிவந்தால் அது கைவிடக்கூடும். அளவுக்கு மீறிச் சாய்த்த சக்கரம் நெடுஞ்சாலையில் டயரின் உட்புறத்தைத் தின்றுவிடும். பள்ளம் குறைந்த பந்தய டயர் மழைநீரில் வழுக்கும். ஆகவே அதே காரில் வீடு திரும்ப வேண்டியவர் எதிலும் நடுவழியே செல்வது அறிவுடைமை.

சட்டமும் நம் பக்கம் நின்று இதையே சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 189ஆம் பிரிவு, அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் விடுவதைத் தண்டிக்கிறது. நல்ல பேட், புதிய ஆயில், முறையான டயர், சரியான அலைன்மென்ட் என்னும் என் வரிசையோ சட்டத்தோடு முரண்படாத வரிசை.

காரைச் சித்தம் செய்தால் போதுமா? ஓட்டுபவரும் சித்தமாக வேண்டாமா? முதல் சுற்றில் டயரையும் பிரேக்கையும் மெல்லச் சூடேற்றுவது, கடைசிச் சுற்றில் மெதுவாக ஓடி அவற்றை ஆறவிடுவது, கொடிகளின் பொருளை அறிவது, குறித்த இடத்தில் மட்டும் முந்துவது ஆகிய இவை எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பன அல்ல. பழகிய பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஓட்டும் அரை நாள், ஆயிரம் உதிரிப் பாகங்களுக்குச் சமம்.

"இது பணக்காரர் விளையாட்டு, பேருந்தில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்கு வரும் நமக்கு ஏன் இந்தப் பேச்சு?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்போர்ட்ஸ் கார் நம்மில் பலருக்கு எட்டாக் கனிதான். ஆனால் வேகம் எட்டாக் கனியா? கடனுக்கு வாங்கிய இருசக்கர வண்டியில், தேய்ந்த டயரோடு, தலைக்கவசம் இல்லாமல், இரவு நேரத்துப் புறவழிச்சாலையில் பந்தயம் விடுபவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமா? நம் வயதினர் அல்லவா? அந்தச் சாலையில் கொடி காட்டுபவர் இல்லை. காத்து நிற்கும் மருத்துவ வண்டி இல்லை. எதிரே வருபவருக்குப் பந்தயம் நடப்பதே தெரியாது. வேகத்திற்கென்று ஓர் இடமும் ஒரு முறையும் உண்டு என்பதை டிராக் டே கற்பிக்கிறது. பணம் உள்ளவர் அதைப் பாதைக்குச் சென்று கற்கட்டும். இல்லாதவர் அதன் ஒழுங்கையாவது கற்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

அடிப்படை வசதிகளோடு எளிய பயிற்சித் திடல்கள் மாவட்டந்தோறும் அமைய வேண்டும் என்பது என் விருப்பம். இளைஞனிடம் "வேகமாகப் போகாதே" என்று சொல்வதைவிட, "இங்கே வந்து போ, முதலில் நிற்கக் கற்றுக்கொண்டு போ" என்று சொல்வது பயன் தரும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாளைக் காலை வண்டியைக் கிளப்பும் முன் ஒரு கணம் குனிந்து பிரேக்கையும் டயரையும் பாருங்கள், நண்பர்களே! எஞ்சினைப் பற்றிய பெருமையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.